சமூக வன வள உரிமை வந்தாயிற்று; இனி காட்டுக்கு விதி போடுவது யார், எப்படி?

சத்தியமங்கலம் பக்கத்து மலையில், அறுபது பழங்குடிக் குடும்பங்கள் இருக்கும் உங்கள் ஊருக்குச் சமூக வன வள உரிமைச் சான்று, அதாவது ஊர் மரபாகக் காத்து வந்த காட்டை ஊரே நிர்வகிக்கும் உரிமைக்கான தாள், வந்துவிட்டது. நெல்லி, கடுக்காய், தேன், மூங்கில் இவற்றை இனி எவ்வளவு எடுக்கலாம், ஒவ்வொரு முறையும் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அனுமதி பற்றிய கேள்விக்குச் சட்டத்திலேயே தெளிவான பதில் உண்டு. 'எவ்வளவு' என்பதற்கு எந்தச் சட்டத்திலும் எண் கிடையாது. அதை உங்கள் ஊர்தான் எழுத வேண்டும். ஆகவே, ஊர் போடும் விதி நிற்குமா, நிற்க என்ன செய்ய வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எடுக்கும் அளவைவிட, எடுப்பதில் இருக்கும் போட்டிதான் பொதுக்காட்டை அதிகம் கெடுக்கிறது. 'நான் விட்டால் அடுத்தவன் எடுத்துவிடுவான்' என்ற பயத்தைப் போக்கும் விதிகளை முதலில் போடுங்கள். அளவு விதிகள் அதற்குப் பிறகு வரட்டும்.

சட்டம் தெளிவாகச் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, சிறுவன மகசூலைச் சேகரிக்க, பயன்படுத்த, விற்க உங்களுக்கு உடைமை உரிமை தருகிறது. அதே பிரிவு, மரபாக நீங்கள் காத்து வந்த காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் தனி உரிமை தருகிறது. தேன், மெழுகு, மூங்கில், பிரம்பு, மூலிகை, வேர், கிழங்கு எல்லாம் சிறுவன மகசூலில் அடங்கும். மரம் வெட்டி விற்பது, மணல் அள்ளுவது, வேட்டை இவை அடங்காது. 5-ஆம் பிரிவின்படி, காட்டுக்குள் யார், எப்போது, எதற்காகப் போகலாம் என்பதை ஒழுங்குபடுத்தவும், விலங்குக்கோ நீர்நிலைக்கோ கேடான செயலை நிறுத்தவும் கிராம சபைக்கு அதிகாரம் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் வந்து, 2012 செப்டம்பரில் திருத்தப்பட்ட விதிகள், சிறுவன மகசூலுக்கு ராயல்டியோ கட்டணமோ வாங்கக் கூடாது என்றும், அதை எடுத்துச் செல்வதற்கான அனுமதித் தாளான நடைச்சீட்டைக் கிராம சபை அமைக்கும் குழுவே வழங்கும் என்றும் சொல்கின்றன. ஆக, ஒவ்வொரு மூட்டைக்கும் நீங்கள் வனச்சரகர் அலுவலக வாசலில் நிற்க வேண்டியதில்லை.

இந்த நடைச்சீட்டு அதிகாரம் சும்மா வந்ததல்ல. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா-லேக்கா என்ற கோண்டு மக்களின் ஊருக்கு 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு உரிமை கிடைத்தது. தாளில் உரிமை இருந்தும் மூங்கிலை விற்க நடைச்சீட்டு கிடைக்கவில்லை. சீட்டு இல்லாத மூங்கிலை எந்த வியாபாரியும் தொடமாட்டான். 2011 ஏப்ரல் 27 அன்று, அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அந்த ஊருக்கே போய் நடைச்சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் கொடுத்தார். அடுத்த ஆண்டே அது நாடு முழுவதற்குமான விதியாயிற்று. தமிழ்நாட்டில் 2008-இல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால், சான்று வழங்குவதே பல ஆண்டுகள் நின்று கிடந்தது. அந்தத் தடை நீங்கி வந்த சான்று உங்கள் கையில் இருக்கிறது. அதை வரிக்கு வரி படியுங்கள்.

படிக்கும்போது நான்கு இடங்களில் விரல் வையுங்கள். ஒன்று, சான்று எந்தப் படிவத்தில் இருக்கிறது என்பது. மேய்ச்சல், விறகு, மகசூல் போன்ற சமூக உரிமைகளுக்கு இணைப்பு 3. காட்டை நிர்வகிக்கும் உரிமைக்கு இணைப்பு 4. பல ஊர்களில் படிவம் பி (சமூக உரிமைகள்), படிவம் சி (காட்டை நிர்வகிக்கும் உரிமை) இரண்டிலும் மனுக் கொடுத்தும், இணைப்பு 3 மட்டும் கைக்கு வருகிறது. அது இருந்தால் எடுக்கலாம். காக்கும், ஒழுங்குபடுத்தும் உரிமை தாளில் ஏறியிருக்காது. இரண்டு, சான்று யார் பெயரில் இருக்கிறது என்பது. கிராம சபையின் பெயரில்தான் இருக்க வேண்டும்; வனத்துறை அமைத்த கிராம வனக்குழுவின் பெயரில் இருந்தால் திருத்தம் கேளுங்கள். மூன்று, பரப்பும் எல்லையும். நான்கு, 'வனத்துறையின் முன் அனுமதிக்கு உட்பட்டு' போன்ற நிபந்தனை ஏதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பது. சட்டத்தில் இல்லாத நிபந்தனையைச் சான்றில் சேர்க்க முடியாது. இவற்றில் எது தவறாக இருந்தாலும் கிராம சபைத் தீர்மானத்தோடு உரிமையை இறுதி செய்யும் மாவட்ட அளவிலான குழுவுக்கு எழுதுங்கள். இறுதி வரைபடத்தை வருவாய், வனப் பதிவேடுகளில் மூன்று மாதத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது விதி 12-அ. பெரும்பாலும் யாரும் கேட்காததால் இது நடப்பதில்லை. நகல் கேட்டு வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்து எல்லைத் தகராறு வந்தால் அந்த நகல்தான் பேசும்.

அடுத்தது, 'கிராம சபை' என்பது எது? நம் மாநிலத்தில் அதிகம் குழப்பம் நடப்பது இங்கேதான். ஊராட்சி முழுவதற்கும் குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் கூடுகிற கிராம சபையில் பத்துப் பன்னிரண்டு குக்கிராமங்கள் அடங்கும். காட்டுக்கே போகாதவர்கள் அங்கே பெரும்பான்மையாக இருப்பார்கள். வன உரிமைச் சட்டமோ காட்டுக் கிராமம், பழைய குடியிருப்பு, அளவை செய்யப்படாத ஊர் எல்லாவற்றையும் தனித்தனி ஊராக ஏற்கிறது. விதி 2-அ அத்தகைய குடியிருப்புகளின் பட்டியலைத் தயாரிக்கச் சொல்கிறது. உங்கள் அறுபது குடும்பம் தனி கிராம சபையாக உட்கார முடியும், உட்கார வேண்டும். ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013-இல் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்த 12 கிராம சபைகளும் மலைச்சரிவிலிருந்த சின்னச் சின்ன ஊர்கள்தாம். கூட்டத்துக்கு வயது வந்தோரில் பாதிப்பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். கையெழுத்தைப் பின்னால் வீடு வீடாகப் போய் வாங்கும் பழக்கத்தை முதல் கூட்டத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரு தீர்மானத்தை உடைக்க நினைப்பவர் முதலில் பார்ப்பது வருகைப் பதிவைத்தான்.

மனு வாங்கிச் சரிபார்க்க அமைத்த வன உரிமைக் குழு வேறு. காட்டை நிர்வகிக்க விதி 4-இன்படி கிராம சபை அமைக்கும் குழு வேறு. பழைய குழுவே தொடரட்டும் என்று விட்டுவிடாதீர்கள். மனு எழுதத் தெரிந்தவருக்குக் காடு தெரியும் என்று சொல்ல முடியாது. புதிய குழுவில் தேன் எடுப்பவர், மாடு மேய்ப்பவர், விறகுக்கும் கிழங்குக்கும் போகும் பெண்கள், கணக்கு எழுதத் தெரிந்த ஓர் இளைஞர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. குழு திட்டம் போடும். கிராம சபை ஒப்புதல் தரும். நடைச்சீட்டு, வருமானச் செலவு, திட்டத்தில் மாற்றம் மூன்றும் கிராம சபையின் ஒப்புதலோடுதான் நடக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. மேண்டா-லேக்காவில் வாக்கெடுப்பே கிடையாது. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுகிறார்கள். இது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் தோற்றுப்போன நான்கு பேர் இரவில் அரிவாளோடு காட்டுக்குப் போவதைத் தடுக்க இதைவிட நல்ல காவல் இல்லை.

எல்லையை வரைபடத்தில் பார்த்தால் போதாது. நடந்தே ஆக வேண்டும். பக்கத்து ஊரின் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு நடங்கள். பாறை, ஓடை, கோயில் மரம், பழைய பட்டி என்று ஒவ்வோர் அடையாளத்திலும் நின்று பெயரை எழுதி, கைபேசியில் இடக்குறிப்பு (ஜி.பி.எஸ்.) எடுங்கள். திறந்த வெளியில் கைபேசி சில மீட்டர் பிசகும். அடர்ந்த மரத்தடியில் இன்னும் கூடுதலாகப் பிசகும். அதனால் ஓரிரு நிமிடம் நின்று, இரண்டு மூன்று முறை எடுத்துப் பாருங்கள். இரண்டு ஊரும் புழங்கும் பகுதி நிச்சயம் இருக்கும். அதைப் பாதியாக வெட்டிக் கோடு போடுவதைவிட, 'தேன் உங்களுக்கு, மேய்ச்சல் இருவருக்கும்' என்பது போல உபயோகத்தைப் பிரித்து இரு ஊரும் கையெழுத்துப் போடுவது நல்லது. எல்லை மோதினால் இரண்டு ஊர்க் குழுக்களும் கூடிப் பேச வேண்டும் என்று விதி 12-உம் சொல்கிறது.

இப்போது மகசூலுக்கு வருகிறேன். நெல்லிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். காய் முற்றினால்தான் எடையும் விலையும். ஆனால் முதலில் போனவருக்குத்தான் காய் கிடைக்கும் என்றால் எல்லோரும் பிஞ்சிலேயே போவார்கள். அவசரத்தில் ஏறிப் பறிக்க நேரம் இருக்காது, கிளையோடு வெட்டிச் சாய்ப்பார்கள். அடுத்த வருடம் அந்தக் கிளையில் காய் இருக்காது. இங்கே 'ஒருவருக்கு இத்தனை கிலோ' என்று விதி போட்டால் யாராலும் கண்காணிக்க முடியாது. 'இந்த நாளுக்கு முன் யாரும் போகக் கூடாது' என்ற விதியை ஊரே கண்காணிக்கும், ஏனென்றால் முன்னால் போனவர் கூடையோடு திரும்பி வருவதை எல்லோரும் பார்ப்பார்கள். ஆகவே உங்கள் முதல் விதி திறப்பு நாள். நாலைந்து இடத்து மரங்களில் காயைப் பறித்து வெட்டிப் பார்த்து, முற்றிவிட்டது என்று குழு சொன்னபிறகு நாள் குறியுங்கள். காலண்டர் தேதியை நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். மழை தள்ளிப்போனால் காயும் தள்ளிப்போகும். இரண்டாவது விதி, அரிவாள் இல்லாமல் போவது. புல்லுருவி படர்ந்த கிளையை மட்டும் வெட்டலாம் என்ற விலக்கு வையுங்கள். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடி மக்களோடு சேர்ந்து நடந்த நீண்டகால ஆய்வுகள், நெல்லி மரங்கள் நலிந்ததற்குக் காய் பறிப்பைவிடப் புல்லுருவியும் உண்ணிச்செடி (லாண்டானா) என்ற அந்நியக் களையும் பெரிய காரணம் என்று காட்டியிருக்கின்றன. எத்தனை சதவீதக் காயை மரத்தில் விட வேண்டும் என்பதற்கு எல்லா மலைக்கும் பொருந்தும் எண் கிடையாது. எட்டாத உச்சிக் காயை விலங்குக்கும் விதைக்கும் விட்டுவிட்டு, சில இடங்களில் மரத்தடியில் கன்று முளைக்கிறதா என்று ஆண்டுதோறும் எண்ணிப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. கன்று குறைந்துகொண்டே வந்தால் அந்தப் பகுதிக்கு இரண்டு பருவம் ஓய்வு கொடுங்கள்.

திறப்பு நாளை உடைப்பது பெரும்பாலும் பேராசையில்லை, கடன். பருவத்துக்கு முன்னால் வியாபாரி முன்பணம் கொடுத்திருப்பார். அவர் கேட்கும் நாளில் சரக்கு இறங்கியாக வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அபராதம் போட்டு ஒன்றும் ஆகாது. கிராம சபையே சிறு சுழல்நிதி வைத்து, பஞ்ச மாதத்தில் அரிசிக்கும் மருந்துக்கும் கொடுத்தால்தான் முன்பணத்தின் பிடி தளரும். கொள்முதலில் ஊருக்கென்று ஒரு தராசு வாங்குவது அடுத்த படி. தேனை பாட்டில் கணக்கில் விற்காதீர்கள்: ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ எடை. 750 மில்லி பாட்டில் ஒன்றில் ஒரு கிலோவுக்கும் சற்றுக் கூடுதலாகவே தேன் இருக்கிறது. அதை முக்கால் கிலோ விலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஊர்கள் உண்டு. சிறுவன மகசூலுக்கு 2013-14 முதல் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டம் இருக்கிறது. கொள்முதல் நடக்காத இடத்திலும் அந்த விலைப் பட்டியலைக் கையில் வைத்துப் பேரம் பேசுங்கள். வருமானத்தில் நூற்றுக்குப் பத்தாவது காட்டு வேலைக்கு ஒதுக்குங்கள் என்பது என் யோசனை. சட்ட அளவு எதுவும் இல்லை. வங்கிக் கணக்கு மூன்று பேர் கையெழுத்தில், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை தாளில் கொடுப்பதோடு நிறுத்தாமல், கூட்டத்தில் உரக்கப் படியுங்கள்.

தேன் எடுப்பதில் உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் விதியாக எழுதிவைக்க வேண்டியவை சில உண்டு. மலைத்தேனீயின் அடையில் தேன் மேற்பகுதியில், ஒரு பக்கமாகத் தடித்து இருக்கும். புழு அடை அதற்குக் கீழே விரிந்து தொங்கும். தேன் தடிப்பை மட்டும் வெட்டிப் புழு அடையை விட்டால், கூட்டம் அங்கேயே தங்கி மறுபடி தேன் வைக்க வாய்ப்புண்டு. செங்குத்துப் பாறையில் எல்லா இடத்திலும் இது கைவராது. அங்கே ஒரு பாறைக்கு இத்தனை அடையைத் தொடாமல் விடுவது என்று விதி வையுங்கள். பச்சை இலைப் புகை போதும். தீப்பந்தத்தால் தேனீயைச் சுட்டால் அடுத்த வருடம் அந்தப் பாறை வெறுமையாகிவிடும். புழுவும் மகரந்தமும் கலந்த அடையைப் பிழிந்தால் தேன் சீக்கிரம் புளிக்கும். தேன் அடையை மட்டும் கீறி, துணியில் தானாக வடிய விடுங்கள். மலைத்தேனில் இயல்பாகவே ஈரம் அதிகம். 20 சதவீதத்தைத் தாண்டினால் தரத்திலும் விழும், நுரைத்தும் போகும். ஈரம் பார்க்கும் சின்ன ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று ஊருக்குப் போதும். பூச்சிமருந்து வந்த கேனில் தேன் ஊற்றுவதை முற்றிலும் தடை செய்யுங்கள்.

மூங்கிலில் மட்டும் ஓரளவு உறுதியான அளவுகள் உண்டு. ஓராண்டு, ஈராண்டுக் கழிகளைத் தொடக் கூடாது. அவைதான் அடுத்த குருத்துகளுக்குச் சோறு போடுபவை. மூன்றாண்டுக்கு மேற்பட்டதை வெட்டினாலும், ஒரு குத்தில் முற்றிய கழி எட்டுக்குக் குறையாமல் நிற்கட்டும். தரையிலிருந்து 15 முதல் 45 செ.மீ. உயரத்துக்குள், கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்டினால் குழிக்குள் தண்ணீர் தேங்கி அடி அழுகும். குருத்து வரும் மழை மாதங்களில் வெட்டே வேண்டாம். வேலைக்கு வசதி என்று எல்லோரும் குத்தின் வெளி ஓரத்தையே வெட்டுவார்கள், ஆனால் இளங்கழி இருப்பது அங்கேதான். லாட வடிவில் ஒரு வாசல் திறந்து, உள்ளே போய் நடுவில் இருக்கும் முற்றியதை எடுக்க வேண்டும். கழியின் வயதைக் குழப்பாமல் இருக்க, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வந்த கழிக்கு ஒரு நிறத்தில் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். முள்மூங்கில் நாற்பது ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்துச் செத்துப்போகும். அந்தச் சமயத்தில் மேலே சொன்ன எந்த விதியும் பொருந்தாது. செத்த கழியை எடுத்துவிட்டு, முளைத்த கன்றுகள் தேறும்வரை சில ஆண்டுகள் மேய்ச்சலையும் தீயையும் அந்தப் பகுதியிலிருந்து விலக்குவதே வேலை.

மாகாளிக்கிழங்கு போல வேரோடு தோண்டுவதில் வேறு கணக்கு. முழுக்கிழங்கையும் எடுத்தால் கொடியே போயிற்று. பக்க வேரில் ஒரு பகுதியை எடுத்து மண்ணை மூடுவதென்று விதி வைக்கலாம். வெளி வியாபாரி லாரியோடு வந்து நிற்கும் பொருளாகிவிட்டால், விற்பனைக்கு எடுப்பதையே சில ஆண்டு நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். கல்பாசியும் மிக மெதுவாக வளர்வது. பட்டையோடு உரிக்காமல், ஒரு மரத்தில் பாதியை விட்டு எடுங்கள்.

உண்ணிச்செடியை வெட்டுவது வீண் வேலை. வெட்ட வெட்டத் தழைக்கும். தரைக்குக் கீழே மூன்று முதல் ஐந்து செ.மீ. ஆழத்தில் வேரைக் கொத்தி அறுத்து, செடியை வேர் வானத்தைப் பார்க்கத் தலைகீழாகப் போட வேண்டும், தண்டு மண்ணைத் தொட்டால் மறுபடி வேர்விடும். காய் பழுக்கும் முன் செய்து, அடுத்த இரண்டு மூன்று மழைக்கு முளைக்கும் கன்றுகளைப் பிடுங்குங்கள். மொத்த மலையையும் தொடாதீர்கள். நீர்நிலை ஓரமும் நெல்லிப் பகுதியுமாகச் சிறு துண்டை எடுத்து, அதை முழுக்க முடித்தபிறகு அடுத்ததற்குப் போங்கள். பாதி முடித்து விட்ட இடம் முன்னைவிட அடர்ந்துவிடும்.

தீ பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கும் சிறு தீ புல்லை வளர்த்தது, உண்ணியையும் புல்லுருவியையும் அடக்கியது என்பது சோளகர்களின் பட்டறிவு. ஆய்வாளர்கள் பலர் அதில் நியாயம் இருப்பதாகவே சொல்கிறார்கள். ஆனால் உண்ணி ஆளுயரம் மண்டிய காட்டில் இன்று வைக்கும் தீ அந்தப் பழைய சருகுத் தீயாக இருக்காது. மரத்தின் உச்சிவரை ஏறும். காப்புக்காட்டில் தீ வைப்பது வனச் சட்டப்படி குற்றமும்கூட. எனவே இப்போதைக்குத் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதையும் உண்ணியை அகற்றுவதையும் திட்டத்தில் எழுதுங்கள். மரபுத் தீயைப் பற்றிய பெரியவர்களின் அறிவையும் மாதம், இடம், காற்று விவரத்தோடு அதே திட்டத்தில் பதிவு செய்யுங்கள். பின்னால் வனத்துறையோடு பேச அது வேண்டும்.

விதியை மீறுபவருக்கு முதல் முறை கூட்டத்தில் எச்சரிக்கை, அடுத்து சிறு அபராதம், அதற்கும் மேலே அந்தப் பருவம் ஊர்த் தராசில் அவர் சரக்கை எடுப்பதில்லை. எடுத்த எடுப்பில் பெரிய அபராதம் வைத்தால் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அபராதத்துக்கு ரசீது கொடுங்கள். குழு உறுப்பினரின் வீட்டுக்கும் அதே விதிதான். வெளியாட்களை நீங்கள் தடுத்து நிறுத்தலாம், ஆனால் அடிப்பதோ வண்டியை வைத்துக்கொள்வதோ உங்கள் மீதே வழக்காகத் திரும்பும். படம் எடுத்து, நேரம் இடம் குறித்து, வனச்சரகருக்கு எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

உங்கள் ஊர் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறதென்றால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சமூக வன வளம் என்பதில் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடங்கும் என்று சட்டத்தின் 2-ஆம் பிரிவே சொல்கிறது. பிலிகிரிரங்கன் மலைச் சோளகர் ஊர்களுக்கு 2011-இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே உரிமை கிடைத்தது. உரிமை இருப்பதில் ஐயமில்லை. விற்பனைக்காக எடுப்பதைக் களத்தில் தடுக்கும் வழக்கம் மட்டும் பல இடங்களில் தொடர்கிறது; காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுவார்கள். அப்படி நடந்தால் வாய்ச்சண்டை வேண்டாம். தடையை எழுத்தில் கேளுங்கள். தாள் வந்ததும் மாவட்ட அளவிலான குழுவுக்கும், இலவச சட்ட உதவி மையத்துக்கும் கொண்டு போங்கள். இந்த இடத்தில் வழக்கறிஞர் ஒருவரின் ஆலோசனை இல்லாமல் என் பதிலை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

நடைச்சீட்டுப் புத்தகத்தை மூன்று நகல் விழும்படி அச்சடியுங்கள்: ஒன்று வண்டியோடு, ஒன்று வனச்சரகருக்குத் தகவலாக, ஒன்று ஊரில். சான்றின் எண்ணும் தேதியும், பொருள், எடை, எடுத்த பகுதி, வாங்குபவர், வண்டி எண், செல்லும் இடம், எத்தனை நாள் செல்லும் என்பவை அதில் இருக்க வேண்டும். தொடர் எண் விட்டுப்போகக் கூடாது. தவறாக எழுதிய சீட்டைக் கிழிக்காமல் 'ரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே விடுங்கள். முதல் வண்டி கிளம்பும் முன், கிராம சபைத் தீர்மானம், மாதிரிக் கையெழுத்து, முத்திரை ஆகியவற்றின் நகலை மாவட்ட வன அலுவலருக்கும் வழியிலுள்ள சோதனைச்சாவடிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். முதல் ஆண்டு ஒரே ஒரு பொருளில், நெல்லியோ கடுக்காயோ, இதைச் செய்து பாருங்கள். மூங்கிலுக்கு இரண்டாம் ஆண்டு போகலாம்.